குமிழி ஏன் உடனே வெடிக்கிறது? வீட்டுச் சோப்புக் குமிழிக் கரைசலைச் சரிசெய்யும் வழிமுறை

குழந்தைகளுக்காக வீட்டிலேயே குமிழிக் கரைசல் கலப்பவர்கள், குமிழி சரியாக வராதபோது முதலில் செய்வது இன்னும் கொஞ்சம் சோப்பு ஊற்றுவதுதான். இதே பழுதை வெவ்வேறு வீடுகளில் திரும்பத் திரும்பச் சரிசெய்து பார்த்ததில், சோப்புப் போதாததால் கெட்ட கரைசல் மிக அரிதாகவே என் கண்ணில் பட்டிருக்கிறது. காற்றின் வறட்சி, கரைசலின் மேல் மிதக்கும் நுரை, பிசுக்குப் படிந்த வளையம், சரியாகக் கரையாத பசை ஆகிய நான்குமே பெரும்பாலான தொல்லைகளுக்குக் காரணம். இவற்றில் எதையும் கூடுதல் சோப்பு சரிசெய்யாது, சிலவற்றை மோசமாக்கவும் செய்யும்.

உங்கள் கரைசல் காட்டும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகச் சென்று, அங்கே சொல்லியிருக்கும் வரிசையிலேயே சோதித்து வாருங்கள். செலவில்லாத காரணம் முதலிலும், புதிதாக எதையேனும் வாங்க வேண்டியது கடைசியிலும் வரும். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமலே போய்விடும், அடுத்த முறை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

## முதலில்: அளவுகோலாகக் கொள்ள வேண்டிய இரண்டு கரைசல்கள்

சிறு குமிழிக் கரைசலுக்கு 600 மி.லி. நீர், 100 மி.லி. கெட்டியான பாத்திரம் கழுவும் திரவம், 20 மி.லி. கிளிசரின் போதும். நீரில் திரவத்தை மெதுவாக ஊற்றி, நுரை எழும்பாதபடி கரண்டியால் கலக்கி, கிளிசரினைச் சேர்த்து, ஓர் இரவு மூடி வைக்க வேண்டும். வாயால் ஊதும் வளையத்துக்கும் உறிஞ்சுகுழலுக்கும் பொம்மை இயந்திரத்துக்கும் இதுவே ஏற்றது.

பெருங்குமிழிக் கரைசலுக்கு 1 லிட்டர் வெந்நீர், 50 மி.லி. பாத்திரம் கழுவும் திரவம், 2 கிராம் குவார் கம் தூள், 2 கிராம் பேக்கிங் பவுடர், தூளைக் குழைக்க 15 மி.லி. கிளிசரின் ஆகியவை தேவை. குவார் கம் என்பது கொத்தவரை விதையிலிருந்து எடுக்கப்படும், உணவிலும் சேர்க்கப்படும் பசைத்தூள். கைக்கு எட்டாத அளவு பெரிய குமிழிகளை, இரண்டு குச்சிகளுக்கு நடுவே கட்டிய கயிற்றால் இழுத்து விடுவதற்கு உரிய கரைசல் இது.

உங்கள் கரைசல் இவ்விரண்டிலிருந்தும் வெகுதூரம் விலகியிருந்தால், அதைப் பழுது பார்ப்பதைவிடக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலப்பது எளிது. போராக்ஸ் (வெங்காரம்) சேர்க்கச் சொல்லும் செய்முறைகளைக் குழந்தைகளுக்காகப் பின்பற்ற வேண்டாம்; அது இல்லாமலே நல்ல குமிழி வரும்.

## எல்லா அறிகுறிக்கும் பொதுவான இரண்டு சோதனைகள்

நிறச் சோதனை. வளையத்தைக் கரைசலில் முக்கி எடுத்து, காற்றில்லாத இடத்தில், வெளிச்சம் படும்படி செங்குத்தாகப் பிடித்துப் படலத்தைப் பாருங்கள். தொடக்கத்தில் இளஞ்சிவப்பும் பச்சையுமான பட்டைகள் தெரியும். படலம் மெலிய மெலிய அவை கீழே நகர்ந்து, மேலே பொன்மஞ்சளும் பிறகு வெண்மையும் தோன்றி, கடைசியில் நிறமே இல்லாத கரிய பகுதி படரும். அந்தக் கருமை வந்தபின் படலத்துக்கு ஆயுள் அதிகமில்லை. ஆகவே நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: நிறங்கள் செழிப்பாக இருக்கும்போதே படலம் அறுகிறதா, நிறம் வடிந்து கருத்த பிறகு அறுகிறதா? இரண்டுக்கும் காரணங்கள் வேறு.

ஜாடிச் சோதனை. ஒரு தட்டில் கரைசலை மெல்லிய அளவில் பரப்பி, ஈரமான உறிஞ்சுகுழலால் அதன்மேல் எலுமிச்சையளவு அரைக்கோளக் குமிழி ஒன்றை ஊதுங்கள். உட்புறம் நீரால் நனைத்த கண்ணாடி ஜாடி ஒன்றை அதன்மேல் தொடாமல் கவிழ்த்து வையுங்கள். பக்கத்திலேயே ஜாடியில்லாமல் அதே அளவில் இன்னொன்று ஊதுங்கள். மூடிய குமிழி பல நிமிடங்கள் நின்று, திறந்த குமிழி உடனே போனால் உங்கள் கரைசலில் குறையில்லை. அறையின் காற்றுதான் குமிழியை உலர்த்துகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெடித்தால் குறை கரைசலில்தான் இருக்கிறது. பொருள் எதையும் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்துவிடுங்கள்.

## அறிகுறி 1: வளையத்தில் படலமே நிற்கவில்லை

வளையம் அழுக்கா? கையில் பூசிய களிம்பு, தலைமுடி எண்ணெய், தின்பண்டத்தின் நெய்ப்பிசுக்கு ஆகியவை மிகச் சிறிய அளவில் பட்டாலும் படலம் அந்த இடத்திலேயே கிழியும். வளையத்தை வெந்நீரும் சோப்பும் கொண்டு தேய்த்துக் கழுவி, நன்றாக அலசிய பின் முக்குங்கள். புதிதாக வாங்கிய பிளாஸ்டிக் வளையத்தையும் ஒரு முறை இப்படிக் கழுவுவது நல்லது.

வளையம் முழுவதும் நனைந்ததா? உலர்ந்த பரப்பு எதைத் தொட்டாலும் படலம் அறும். வளையத்தோடு சேர்த்துக் கைப்பிடியின் மேல்பகுதியையும் கரைசலில் முக்குங்கள். கம்பியை நீங்களே வளைத்துச் செய்திருந்தால் அதன் முனை துருத்திக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். குழந்தையின் கண்ணுக்கும் அது ஆபத்து. கம்பியின்மேல் பருத்தி நூலை நெருக்கமாகச் சுற்றினால் இரண்டு குறையும் தீரும், நூல் கரைசலைத் தேக்கி வைத்துப் படலத்துக்கு ஊட்டமும் தரும்.

சோப்பு சரியான வகையா? ஒரு சிறு பாட்டிலில் நான்கில் ஒரு பங்கு நீரும் சில சொட்டுச் சோப்பும் விட்டு மூடிக் குலுக்குங்கள். எழுந்த நுரை சில நிமிடங்களாவது குலையாமல் நிற்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் அடங்கிப்போனால், அது நுரையை அடக்கும்படி தயாரிக்கப்பட்ட பொருளாக இருக்கலாம். பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் உரிய தூள்களும் திரவங்களும் பெரும்பாலும் அப்படிப்பட்டவை. தவிர, பாத்திர இயந்திரத்துக்குரியவற்றில் பல கடுமையான காரத்தன்மை உள்ளவை என்பதால் அவற்றைக் குழந்தைகளின் விளையாட்டுக்கு அருகிலேயே கொண்டுவரக் கூடாது.

நீர் கடினமா? குளியல் சோப்புக் கட்டியைச் சீவிக் கரைத்தவர்களுக்கு இது அடிக்கடி நேரும். நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் கட்டிச் சோப்போடு சேர்ந்து வெண்மையான திரிதிரியான கசடாகப் பிரிந்துவிடும். அந்தக் கசடு படலத்தைக் கிழிக்கும். பாத்திரம் கழுவும் திரவத்துக்கு இந்தப் பாதிப்பு குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு குவளை காய்ச்சி வடித்த நீரில் மட்டும் சிறிதளவு கலந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தால் மட்டுமே முழு அளவுக்கும் அந்த நீரை வாங்குங்கள்.

## அறிகுறி 2: படலம் நிற்கிறது, குமிழியும் வருகிறது, ஆனால் உடனே வெடிக்கிறது

மிகுதியாகக் கேட்கப்படும் குறை இது; மிகுதியாகத் தவறான மருந்து கொடுக்கப்படுவதும் இதற்குத்தான். நிறச் சோதனையின் முடிவைப் பொறுத்து இரண்டு கிளைகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

### கிளை அ: நிறம் செழிப்பாக இருக்கும்போதே வெடிக்கிறது

படலம் தடிமனாக இருக்கும்போதே அறுகிறது என்றால், அதை வெளியிலிருந்து ஏதோ ஒன்று கிழிக்கிறது என்று பொருள்.

முதலில் கரைசலின் மேற்பரப்பைப் பாருங்கள். நுரை மூடியிருந்தால் வளையத்தோடு அந்த நுண்குமிழிகளும் ஏறிவந்து படலத்தைக் குலைக்கும். ஒரு தட்டையான கரண்டியால் நுரையை வழித்து எடுத்துவிட்டு மறுபடியும் முயலுங்கள். பல சமயம் இந்த ஒரு செயலோடு தொல்லை தீர்ந்துவிடுகிறது, எனவே இதைத் தாண்டிப் போக அவசரப்பட வேண்டாம்.

அடுத்து, கரைசலில் மணல், புல், தூசி, நூல் துணுக்கு ஏதேனும் மிதக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகள் வளையத்தைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே திரும்ப முக்குவது இயல்பு. அவர்களைக் கடிந்துகொள்வதைவிட, வளையம் வைக்க ஈரத்தட்டு ஒன்றைப் பக்கத்தில் வைப்பதே பயன் தரும். துகள் சேர்ந்துவிட்ட கரைசலை மெல்லிய துணியில் வடிகட்டினால் போதும்.

பிறகு ஊதும் விதத்தைக் கவனியுங்கள். சிறு குழந்தைகள் வளையத்தை உதட்டுக்கு ஒட்டிப் பிடித்து முழு வேகத்தில் ஊதுவார்கள். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, சூடான பாலை ஆற்றுவதுபோல மெதுவாகவும் சீராகவும் ஊதச் சொல்லுங்கள். மூன்று வயதுக்குக் கீழான குழந்தைக்கு இது கைவராவிட்டால் வளையத்தைக் காற்றில் மெல்ல வீசும்படி காட்டிக்கொடுங்கள். ஊதாமலே குமிழி பிறக்கும்.

கடைசியாகக் காற்று. மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். வெளியில் மரக்கிளைகள் அசையும் அளவு காற்றடித்தால் சுவரின் மறைவுக்கு மாறுங்கள்.

### கிளை ஆ: நிறம் விரைவாக வடிந்து, கருத்து, பிறகு வெடிக்கிறது

படலத்திலிருந்து நீர் போய்விடுகிறது. ஆவியாகிப் போகிறதா, கீழே வழிந்து போகிறதா என்பதை ஜாடிச் சோதனை பிரித்துக் காட்டும்.

ஜாடிக்குள் குமிழி நெடுநேரம் நின்றிருந்தால் ஆவியாதல்தான் காரணம். இதற்குச் செலவில்லாத மருந்து நேரத்தை மாற்றுவது: உச்சிவெயிலில் விளையாடுவதை விட்டு அதிகாலைக்கோ, சூரியன் சாய்ந்த பிறகோ, மழை பெய்து ஓய்ந்த வேளைக்கோ மாற்றுங்கள். அதே கரைசல் அந்த வேளைகளில் வேறொரு கரைசலாகவே நடந்துகொள்ளும். குளிர்பதன இயந்திரம் ஓடும் அறையிலும் காற்று உலர்ந்திருக்கும், அதை நிறுத்திவிடுங்கள். ஈரப்பதமானி வைத்திருப்பவர்கள் அதையும் பார்க்கலாம். 40 விழுக்காட்டுக்குக் கீழே சென்றால் குமிழிக்குக் கடினமான நாள் என்றே நான் எடுத்துக்கொள்வேன். நேரத்தையோ இடத்தையோ மாற்ற வழியில்லாதபோது 10 மி.லி. கிளிசரின் கூட்டுங்கள், அது ஈரத்தைப் பிடித்துவைத்து ஆவியாதலைத் தாமதப்படுத்தும்.

ஜாடிக்குள்ளும் குமிழி விரைவாகக் கருத்து வெடித்தால், கரைசல் நீர்த்திருக்கிறது. புதிதாகக் கலந்ததா என்று முதலில் யோசியுங்கள். அப்போதுதான் கலக்கிய கரைசலை ஓர் இரவு ஓய்வாக வைத்தால் நுரை அடங்கி, எல்லாம் ஒன்றாகக் கலந்து தெளியும். அதன் பிறகும் மாறவில்லையென்றால் 600 மி.லி. கரைசலுக்கு ஒரு தேக்கரண்டி கிளிசரின் சேர்த்துச் சோதியுங்கள். கிளிசரின் கிடைக்காத இடத்தில் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையை வெந்நீரில் கரைத்து ஆற விட்டுச் சேர்க்கலாம். ஆனால் அது கையில் ஒட்டும், எறும்பையும் வரவழைக்கும், கரைசலும் சீக்கிரம் கெடும். இவ்வளவுக்கும் பலன் இல்லாத நிலையில்தான் வேறொரு பாத்திரம் கழுவும் திரவத்தை வாங்கிப் பார்க்க வேண்டும். கெட்டியானதாகவும், பெரிய புட்டியாக இல்லாமல் சிறியதாகவும் வாங்குங்கள். வகைக்கு வகை நடத்தை மாறுவதால் சோதித்துப் பார்க்காமல் நிறைய வாங்குவது வீண்செலவு.

## அறிகுறி 3: சிறியவை நன்றாக வருகின்றன, பெரியவை பாதியில் அறுகின்றன

கரைசலில் பசை இருக்கிறதா? சிறு குமிழிக் கரைசலை எவ்வளவு செம்மைப்படுத்தினாலும் அது கைக்கயிற்றுக் குமிழிக்குப் போதாது. நீளநீளமான மூலக்கூறுகளைக் கொண்ட பசை ஒன்று வேண்டும். குவார் கம் அதற்குத்தான். பசையின் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே நீளமாக இருப்பதைவிட நீளமும் குட்டையுமாகக் கலந்திருப்பது பெரிய படலத்துக்கு நல்லது என்பதை அமெரிக்காவிலுள்ள எமோரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். பெருங்குமிழியில் ஈடுபாடுள்ள ஒருவர் இரு வேறு பொட்டலங்களின் தூளைக் கலந்து பார்ப்பது இதனால் வீண் முயற்சி ஆகாது.

சோப்பு மிகுதியா? பெருங்குமிழிக்குச் சோப்பு குறைவாகவே வேண்டும் என்பதை நம்பவைப்பது கடினம், ஆனாலும் அதுவே உண்மை. 1 லிட்டருக்கு 50 மி.லி. என்ற அளவைத் தாண்டி ஊற்றியிருந்தால், சோப்பில்லாத பசை நீரைத் தனியாகக் கரைத்து அதைச் சேர்த்து அளவைக் குறையுங்கள்.

கயிறு உறிஞ்சுகிறதா? நைலான் கயிறும் பாலியெஸ்டர் கயிறும் கரைசலைத் தேக்குவதில்லை. குமிழி விரியும்போது படலத்துக்குக் கூடுதல் நீர் கிடைக்காமல் அறுந்துபோகும். 3 முதல் 5 மி.மீ. வரையிலான முறுக்குத் தளர்ந்த பருத்திக் கயிறு வேண்டும். புதுக் கயிற்றில் கஞ்சியோ எண்ணெயோ ஏற்றியிருப்பார்கள் என்பதால் வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டே பயன்படுத்துங்கள். குச்சிகளின் முனைகளுக்கு நடுவே மேல்கயிறு 60 செ.மீ., கீழ்க்கயிறு 120 செ.மீ. என்று கட்டி, கீழ்க்கயிற்றின் நடுவில் சிறு இரும்பு வளையம் ஒன்றைக் கோத்துவிட்டால் கயிறு முக்கோணமாகத் தொங்கி, சிக்காமல் விரியும். விளையாட்டுக்கு முன் பத்து நிமிடங்களாவது கயிறு கரைசலில் ஊறட்டும்.

கை அசைவு சரியா? இரண்டு குச்சிகளையும் சேர்த்தே தூக்கி, மிகுதியானது சொட்ட ஒரு கணம் விட்டு, மெதுவாகப் பிரித்து, மெல்லிய காற்றுக்கு முதுகு காட்டிப் பின்னோக்கி நடக்க வேண்டும். குமிழி போதிய அளவு வந்ததும் குச்சிகளை மறுபடியும் சேர்த்தால் அது கயிற்றை விட்டுக் கழன்றுகொள்ளும். சேர்க்க மறந்தவர்களுக்கு நீண்ட குழல்போல் வந்து அறும். கரைசலில் குறை இருக்காது. இந்த அசைவைப் பெரியவர் ஒருவர் சில முறை செய்து காட்டினால் ஏழெட்டு வயதுக் குழந்தைகள் வியக்கத்தக்க விரைவில் கற்றுக்கொள்கிறார்கள்.

குழந்தையை நடுவில் நிற்கவைத்து அதைச் சுற்றிக் குமிழிச் சுவர் எழுப்பும் வித்தையைப் பெருங்கூட்டத்துக்குச் செய்ய நினைப்பவர்கள், அதைத் தொழிலாகச் செய்பவரை அழைப்பதே பொருத்தம். வழுக்கும் தரை, பெரிய தட்டு, பல குழந்தைகளின் நெரிசல் மூன்றும் ஒன்றுசேரும் இடம் அது.

## அறிகுறி 4: கரைசலில் கட்டிகள், அல்லது இழையிழையாக வழிகிறது

குவார் கம் தூளை நேரடியாக நீரில் கொட்டினால் வெளிப்புறம் ஈரமாகி உட்புறம் உலர்ந்த கட்டிகளாக மாறிவிடும். எவ்வளவு கலக்கினாலும் கரையாது. மெல்லிய துணியில் வடிகட்டினால் அன்றைய விளையாட்டுக்குக் கரைசல் பிழைக்கும், ஆனால் அதில் பசை எவ்வளவு மிஞ்சியது என்பது தெரியாது. அடுத்த முறை தூளை முதலில் கிளிசரினில் குழைத்து, அந்தக் குழம்பை வெந்நீரில் ஊற்றிக்கொண்டே கலக்குங்கள். பத்து நிமிடம் கலக்கி, சற்று நேரம் விட்டு, மறுபடியும் கலக்கினால் நீர் வழவழப்பாகும். பேக்கிங் பவுடரை அதன் பிறகும், சோப்புத் திரவத்தை எல்லாவற்றுக்கும் கடைசியிலும் சேருங்கள். சமையல் சோடாவைப் பேக்கிங் பவுடருக்குப் பதிலாகப் போட வேண்டாம். அது கரைசலைக் காரமாக்கிவிடும். கொதிநீர் கையாளும் இந்தக் கட்டத்தில் குழந்தைகள் தள்ளியே இருக்கட்டும்.

கட்டியில்லாமல் வெறுமனே இழைந்து இழைந்து வழிந்தால் பசை மிகுந்துவிட்டது. 100 மி.லி. வெந்நீரும் 5 மி.லி. சோப்பும் கலந்து ஊற்றிச் சரிபாருங்கள்.

## அறிகுறி 5: குமிழி கனத்துத் தரைக்கு விழுகிறது

குமிழியின் அடியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். ஆமெனில், வளையத்தை முக்கியதும் ஓரத்தைப் பாத்திர விளிம்பில் ஒரு முறை தொட்டு வடிய விடுங்கள். சொட்டு இல்லாமலே விழுந்தால் கிளிசரினோ சர்க்கரையோ மிகுந்திருக்கிறது, 50 மி.லி. நீர் சேர்த்து மறுபடியும் ஊதுங்கள்.

## அறிகுறி 6: நேற்று நன்றாக இருந்த கரைசல் இன்று வேலை செய்யவில்லை

முதலில் காற்றைச் சந்தேகியுங்கள், பிறகு கரைசலை. ஜாடிச் சோதனை சில நிமிடங்களில் விடை சொல்லும்.

கரைசலில்தான் குறை என்றால் முகர்ந்து பாருங்கள். குவார் கம் சேர்ந்த கரைசலில் நுண்ணுயிர்கள் வளர்ந்து பசையைச் சிதைத்துவிடும். வெயிற்காலத்தில் ஓரிரு நாட்களே போதும். புளிப்பு நாற்றமோ, முன்பிருந்த வழவழப்பு குறைந்து நீர்த்துப்போன தன்மையோ தெரிந்தால் கொட்டிவிடுங்கள். அதில் சோப்பையும் பசையையும் கூட்டிப் பிழைக்கவைக்க முயல வேண்டாம், ஏனெனில் அந்தக் கரைசல் குழந்தையின் உதட்டிலும் கண்ணிலும் படப்போகிறது. நாற்றமில்லாமல் அடியில் படிந்திருந்தால் மெதுவாகக் கவிழ்த்துக் கலக்கினால் போதும்.

மிச்சத்தைக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: குடிநீர்ப் புட்டியிலோ பழரசப் புட்டியிலோ ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். அடையாளம் எழுதி ஒட்டிய வேறு வடிவப் பாத்திரம் வேண்டும். கொட்டும்போது கழிவுநீர்க் குழாயில் கொட்டுங்கள். குளத்திலும் மீன் தொட்டி அருகிலும் வேண்டாம், சோப்புக் கரைசல் மீன்களுக்குத் தீங்கு செய்யும்.

## அறிகுறி 7: கையில் ஏந்தினால் வெடிக்கிறது

உலர்ந்த, எண்ணெய்ப்பசையுள்ள வெறுங்கையில் குமிழி நிற்காது. கையைக் கரைசலில் நனைத்தால் குமிழி உள்ளங்கையில் உட்காரும். துள்ள வைக்க வேண்டுமென்றால் நேர்மாறாக, உலர்ந்த கம்பளிக் கையுறை அணிய வேண்டும். அதன் மெல்லிய இழைகளின் நுனியில் மட்டுமே குமிழி தொடுவதால் பந்துபோல் எழும்பும். துள்ளும் குமிழி கைப்பிடி அளவே இருக்கட்டும். கையுறை நனைந்ததும் வேலை நின்றுவிடும் என்பதால் இன்னொரு இணை கைவசம் இருந்தால் குழந்தை ஏமாறாது.

## அறிகுறி 8: நிறம் சேர்த்தும் குமிழி நிறமாகவில்லை

இதற்குப் பரிகாரம் இல்லை. படலம் அவ்வளவு மெல்லியது. அதில் கரைந்த சாயம் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருப்பதில்லை. சாயத்தை மேலும் மேலும் ஊற்றினால் ஆடையும் சுவரும் கறைபடுவதோடு கரைசலும் கெடும். சாயத்தை விரும்பும் குழந்தைக்கு, சாயம் கலந்த கரைசலைக் கிண்ணத்தில் நுரைக்கவைத்து, அதன்மேல் வெள்ளைத் தாளைக் கவிழ்த்து அச்செடுக்கக் கற்றுக்கொடுங்கள். உறிஞ்சுகுழல் பயன்படுத்தும்போது அதன் மேல்முனைக்கு அருகில் ஊசியால் சிறு துளைகள் இட்டுவிடுவது அவசியம். குழந்தை மறந்துபோய் உறிஞ்சினாலும் கரைசல் வாய்வரை ஏறாது.

## அறிகுறி 9: குமிழி இயந்திரம் ஓடுகிறது, குமிழி வரவில்லை

கரைசலின் அளவு குறியீட்டைத் தொடுகிறதா என்று பாருங்கள். பிறகு கரைசலின் கெட்டித்தன்மையைப் பாருங்கள்: குவார் கம் சேர்ந்த கரைசல் இயந்திரத்துக்கு ஆகாது, குழாயை அடைக்கும். அதைக் கொட்டி, வெதுவெதுப்பான நீரை ஊற்றிச் சில நிமிடம் ஓடவிட்டு, சிறு குமிழிக் கரைசலை நிரப்புங்கள். சுழலும் வளையங்களில் பழைய சோப்பு காய்ந்து ஒட்டியிருந்தால் ஈரப் பஞ்சால் துடையுங்கள்.

எளிய பொம்மைகள் சிலவற்றில் மின்கலங்களைத் தலைமாற்றிப் போட்டால் விசிறி எதிர்த்திசையில் சுழன்று காற்றை உள்ளிழுக்கும். இயந்திரம் ஓடுகிறதே என்று எண்ணி இதைப் பலர் கவனிப்பதில்லை. விசிறிக்கு முன் ஒரு துண்டுத் தாளைப் பிடித்தால் தெரிந்துவிடும். விசிறி மெதுவாகச் சுழன்றால் மின்கலங்களை மாற்றுங்கள். மின்கலப் பெட்டியில் வெண்ணிறப் பொடி படிந்திருந்தால் அதைக் கையுறையோடு பெரியவர் மட்டுமே எடுத்து, வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாக உலரவிட வேண்டும்.

வீட்டு மின்சாரத்தில் ஓடும் இயந்திரத்தினுள் கரைசல் கசிந்தாலோ, தொட்டால் சுரீரென்றாலோ, கருகிய வாடை வந்தாலோ இயந்திரத்தைத் தொடாமல், உலர்ந்த கையால் சுவர் விசையை அணைத்து, இணைப்பைக் கழற்றி, மின்பணியாளரிடம் ஒப்படையுங்கள். இதைத் திருகிக் கழற்றிப் பார்ப்பது வீட்டு வேலை அன்று.

## அறிகுறி 10: குழந்தைக்குக் கண் எரிகிறது, இருமுகிறது, தோல் சிவக்கிறது

கண்ணில் பட்டது. கசக்க விடாமல், வெதுவெதுப்பான சுத்தமான நீர் மெதுவாக ஓடும்படி 15 நிமிடங்கள் கழுவுங்கள். குழந்தை அடம்பிடித்தாலும் நேரத்தைக் குறைக்க வேண்டாம். அதன் பிறகும் வலி, சிவப்பு, பார்வை மங்கல், வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுதல் ஆகியவற்றில் ஒன்று நீடித்தால் அன்றே கண் மருத்துவரிடம் போகவேண்டும். பாத்திர இயந்திரத் தூள் கலந்த கரைசல் பட்டிருந்தால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கண் எரிச்சல் அடிக்கடி வரும் குழந்தைக்குக் கண் எரியாத குழந்தை ஷாம்பூவில் கரைசல் கலந்து கொடுக்கலாம். குமிழி சற்று வலுவிழந்து வந்தாலும் குழந்தை நிம்மதியாக விளையாடும்.

விழுங்கிவிட்டது. வாயைத் துடைத்து, ஓரிரு வாய் நீர் குடிக்கக் கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. நுரை மேலேறி மூச்சுக்குழாயில் இறங்குவதுதான் பெரிய ஆபத்து. இருமல் நிற்காவிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, வாந்தி தொடர்ந்தாலோ, குழந்தை வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். விளக்கு எரியும் குமிழிப் பொம்மையின் பொத்தான் மின்கலத்தைக் குழந்தை விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைக்குப் போங்கள். அது சில மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடக் கூடியது.

தோல் சிவந்தது, அரிக்கிறது. நீரால் அலசி, அன்றைய விளையாட்டை நிறுத்துங்கள். தடிப்பு மறுநாளும் இருந்தாலோ பரவினாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே தோல் வறட்சியோ படையோ உள்ள குழந்தை நீண்ட கைப்பிடியுள்ள வளையத்தோடு விளையாடட்டும்.

வழுக்கி விழுந்தது. வழவழப்பான தரையில் குமிழிகள் வெடித்த இடமெல்லாம் சோப்புப் படிகிறது. புல்தரையோ மண்தரையோ இருந்தால் அங்கே விளையாடுங்கள். வீட்டுக்குள் என்றால் ஈரமுறிஞ்சும் விரிப்பை விரித்து, முடிந்ததும் நீர் ஊற்றித் துடையுங்கள். பெருங்குமிழிக் கரைசல் நிரம்பிய வாளியை நடக்கத் தொடங்கிய குழந்தையின் அருகில் விட்டுவிட்டு ஒரு கணமும் நகர வேண்டாம். ஆழம் குறைந்த நீரிலும் குழந்தை தலைகுப்புற விழுந்து மூழ்கக்கூடும்.

மருத்துவரிடம் எதற்காகப் போனாலும், கரைசலில் சேர்த்த சோப்புத் திரவத்தின் புட்டியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதன் பின்புறம் அச்சிட்டிருக்கும் சேர்மானப் பட்டியல் மருத்துவருக்கு உங்கள் விளக்கத்தைவிட விரைவாக உதவும்.